சந்தைக்குள் மட்டும் சட்டை

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்பதற்கு அவர் இப்போது இல்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டதற்காக என் மாமியார் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "உவள் உனக்கு அக்காவோ?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். அக்கா பனை சீவுகிறவர்களின் குடியிருப்பிலிருந்து, பனையோலையில் பின்னிய கடகப் பெட்டியும் சுளகும் கொண்டுவந்து சந்தையில் விற்கிறவர். நாங்கள் கடல் தொழில் செய்கிற குடும்பம். ஆர் ஆரை எப்படிக் கூப்பிடவேண்டும், ஆர் எதை உடுக்கவேண்டும் என்பதெல்லாம் அந்த ஊரில் எப்போதோ முடிவாகிவிட்டிருந்தது.

தொண்டைமானாற்றிலிருந்து பருத்தித்துறைக்குப் போகிற கரையோரத்தில் எங்கள் ஊர். சந்தைக்கு நேர் எதிரே வீடு. ஐம்பதுகளின் கடைசியில், கல்யாணம் கட்டி வந்த புதிதில், விறாந்தையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தேன். ரவிக்கையை எங்கள் பக்கத்தில் சட்டை என்றுதான் சொல்வோம்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நல்ல உயரம். ஓலை வார்ந்து வார்ந்து விரல் நுனிகள் வெடித்திருக்கும். அவர்கள் பகுதிப் பெண்கள் எல்லோரையும்போல அவரும் குறுக்குக்கட்டுத்தான் கட்டியிருப்பார். நெஞ்சுக்குக் குறுக்கே சேலையை இறுக்கிச் சுற்றிச் செருகினால் அவ்வளவுதான். தோளும் கழுத்தும் வெறுமையாக இருக்கும். விரும்பி உடுத்ததல்ல அது. அவர்கள் சட்டை போடக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

எதைச் செய்வதற்கு முன்னும் கேட்பது அவருடைய பழக்கம். சந்தைக்கு வந்த குழந்தை ஒன்று பனங்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றால், ஒரு துண்டை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, "தின்னுறியோ ராசா?" என்பார். குழந்தை தலையை ஆட்டி வேண்டாம் என்றால் திரும்பப் பெட்டியில் போட்டுவிடுவார். கொஞ்சிக் கெஞ்சி வாயில் திணிக்கமாட்டார். ஒரு நாள் என் பின்னல் முன்னால் விழுந்து மெஷின் சில்லுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தவர் ஓடிவந்து, கையை அந்தரத்தில் பிடித்தபடி, "உன்ரை மயிர் சில்லிலை சிக்கப்போகுது பிள்ளை, எடுத்துப் பின்னாலை விடட்டோ?" என்றார். வேறு யாராக இருந்தாலும் முதலில் பின்னலைப் பிடித்திருப்பார்கள்.

தன்னிடமும் அப்படியே நடக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் வில்லங்கம். பெரிய வீட்டு அம்மா ஒருவர் அக்காவின் மடியில் பின்னிக்கொண்டிருந்த பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிப் புரட்டிப் பார்த்தார். "பாருங்கோ நாச்சியார், பாருங்கோ. ஆனா என்ரை மடியிலை கை வைக்க முதல் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ," என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. அந்த அம்மா பெட்டியை நிலத்தில் போட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டு ஆட்கள் அதற்குப் பிறகு அக்காவிடம் எதுவும் வாங்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் கிராமச் சபைக்குப் புதிய சேர்மன் வந்தார். அவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பித்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுக்கு வருகிற எவருக்கும், பனை சீவுகிறவர் என்றாலும் சலவைக்காரர் என்றாலும், தான் குடிக்கிற அதே கோப்பையில் தேத்தண்ணீர் கொடுத்தவர். அதற்காகச் சொந்தக்காரர்கள் அவர் வீட்டு விசேஷங்களுக்குப் போகாமல் விட்டார்கள். சந்தைக்குப் புதுக் கட்டடம் கட்டுவித்ததும் அவர்தான். மந்திரி வந்து திறந்து வைப்பதாக இருந்தது.

திறப்புவிழாவுக்கு முன் சபையில் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். சந்தைக்குள் வியாபாரம் செய்கிற ஆண்களும் பெண்களும் மேலுக்குச் சட்டை போட்டிருக்க வேண்டும். போடாதவர்களுக்கு உள்ளே இடமில்லை. சந்தியில் பறை அடித்து அறிவித்தார்கள்.

அக்காவின் மகள் பூமணி அதைக் கேட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக என் விறாந்தைக்கு வந்தாள். இருபது வயது. தாயைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்டு, அம்மாவுக்கு ஒண்டு. எனக்கு நீலத்திலை தையுங்கோ. சட்டமே போடச் சொல்லுதாம்! இனி ஆர் எங்களைத் தடுக்கிறது?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோசமாக இருந்தது. பூமணிக்கு அளவெடுத்துவிட்டு, தாய்ப் பக்கம் திரும்பி நாடாவை முதுகுப் பக்கமாக வீசிச் சுற்றினேன். அக்கா துள்ளிப் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் இருந்த கதிரை சரிந்து விழுந்தது. அவருடைய முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கேட்டிட்டுத் தொடு, பிள்ளை."

கதிரையை நிமிர்த்தி வைத்து அதில் இருந்தார். இடது தோள்மூட்டிலிருந்து கழுத்துப் பக்கமாக, காறை எலும்பின் மேல் ஒரு நீண்ட தழும்பு. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பனையோலை வெட்டியது என்று நினைத்திருந்தேன்.

"என்ரை தமக்கையின்ரை கலியாணம். அப்ப எனக்கு இவளின்ரை வயசும் இல்லை. அண்ணை கொழும்பிலை கூலி வேலை செய்தவர், ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்தவர். ரோசாப்பூ நிறம். எங்கடை வீட்டுக்குள்ளை, எங்கடை பந்தலுக்குள்ளைதான் போட்டுக்கொண்டு நிண்டனான். வேலிக்கு அங்காலை நிண்ட பெரிய வீட்டு ஆக்கள் கொக்கைச்சத்தகத்தை நீட்டினாங்கள்."

கொக்கைச்சத்தகம் என்பது ஆட்டுக்குக் குழை வெட்டுகிற நீண்ட தடி. நுனியில் வளைந்த கத்தி இருக்கும்.

"கழுத்துக்குள்ளை கொழுவி இழுத்தாங்கள். சட்டையும் வந்தது, தோலும் வந்தது. பந்தலுக்குள்ளை இருந்த ஆம்பிளையள் எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவை. என்ரை அப்பு எழும்பிப் போய் அவங்களிட்டை மன்னிப்புக் கேட்டவர்."

பூமணி இந்தக் கதையை முன்பும் கேட்டிருக்கவேண்டும். பொறுமையில்லாமல், "அது அந்தக் காலம் அம்மா. இப்ப சட்டம் எங்கடை பக்கம்," என்றாள்.

"எங்கடை பக்கம் எண்டால் எங்களட்டை ஒருக்காக் கேட்டிருப்பினம்," என்றார் அக்கா. அளவு கொடுக்காமல் போய்விட்டார்.

திறப்புவிழாவுக்கு முன்பே வியாபாரம் தொடங்கிவிட்ட புதுச் சந்தையின் கேற்றில் காவல்காரர் அவரை மறித்தார். அக்கா சண்டை பிடிக்கவில்லை. மதிலுக்கு வெளியே, தெருவோரம், என் வீட்டுக்கு எதிர்ப்புறம் சாக்கை விரித்து உட்கார்ந்தார். சேர்மன் கேள்விப்பட்டுத் தானே வந்தார். குடையைச் சுருக்கிப் பிடித்தபடி அவருக்கு முன்னால் நின்றார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"அம்மா, உங்களுக்காகத்தானே இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தனாங்கள். நீங்களே இப்பிடி வெளியிலை இருந்தால்?"

ஊரில் ஒரு பெரிய மனிதர் அக்காவை அம்மா என்றும் நீங்கள் என்றும் கூப்பிட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். அக்கா எழுந்து நின்றார்.

"நயினார், நான் குமராயிருக்கேக்கை போடக்கூடாது எண்டு இழுத்துக் கிழிச்சவை. இப்ப போடத்தான் வேணும் எண்டு கேற்றிலை மறிக்கினம். ரெண்டு முறையும் உடம்பு என்ரை. ரெண்டு முறையும் என்னட்டை ஆரும் கேக்கேல்லை."

"அது அநியாயம் அம்மா. இது நியாயம். ரெண்டையும் ஒண்டு எண்டு சொல்லலாமோ?"

"ஒண்டு எண்டு சொல்லேல்லை நயினார். கேக்கேல்லை எண்டு சொல்லுறன்."

"ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கொண்டு நிண்டால் இந்த ஊர் இன்னும் நூறு வருசத்துக்கு இப்பிடித்தான் இருக்கும். சட்டம் போட்டால்தான் மாறும்."

"அப்ப கிழிக்கிறவனுக்கும் ஒரு சட்டம் போடுங்கோவன்."

"அதுக்குப் பெரிய சட்டமே இருக்கு. பாராளுமன்றத்திலை போட்டாச்சு. சாதியைச் சொல்லி ஒருத்தரைத் தடுத்தால் பிடிச்சு மறியலிலை போடுவினம்."

அக்கா யோசித்தார். "அதை எங்கடை ஒழுங்கையிலை பறை அடிச்சுச் சொன்னவையோ?"

சேர்மன் குடையைக் கை மாற்றினார். போகும்போது, "யோசிச்சுப் பாருங்கோ அம்மா," என்று மட்டும் சொன்னார். அவர் மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது. இருவரில் யார் சொல்வது சரி என்று அன்றைக்கு என்னால் முடிவெடுக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

தெருவோரத்தில் விற்பதும் கூடாது என்று பிறகு சொன்னார்கள். அக்காவின் கடகங்களைச் சபையின் மாட்டுவண்டில் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. தாய்க்குப் பதிலாகப் பூமணி சந்தைக்குப் போகத் தொடங்கினாள். முதல் நாள் என் வீட்டில் வந்துதான் அந்த நீலச் சட்டையைப் போட்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடியைக் காட்டினேன். முன்னால் பார்த்தாள், திரும்பி முதுகைப் பார்க்க முயன்றாள். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பின்னேரம் அதே சட்டையோடு வீட்டுக்கு நடந்தாள்.

அவர்களின் குடியிருப்புக்குப் போகவேண்டும் என்றால் பெரிய வீடுகளுக்கு நடுவே போகிற குறுகிய ஒழுங்கையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒழுங்கைத் தொடக்கத்தில் ஒரு மதகு. பின்னேரங்களில் பொடியன்கள் அதிலே இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். சில நாட்கள் வாயால் மட்டும் சொன்னார்கள். பிறகு ஒரு நாள் எழுந்து வந்து ஒழுங்கையை மறித்தார்கள். பூமணியின் சட்டையைக் கிழித்தவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் வீட்டுக்கு அக்கா வருசா வருசம் சுளகு கொடுத்து வந்தவர். சின்ன வயதில் அந்த வீட்டு முற்றத்தில் அவன் விளையாடுவதை இவள் கடகத்தோடு வெளியே நின்று பார்த்திருக்கிறாள்.

"சந்தைக்குள்ளை சேர்மன்ரை சட்டம். ஒழுங்கைக்குள்ளை எங்கடை சட்டம்," என்றானாம்.

அடுத்த நாள் காலை அக்காவும் பூமணியும் வந்தார்கள். அவர்களோடு நானும் சேர்மன் வீட்டுக்குப் போனேன். சேர்மன் கதையைக் கேட்டுவிட்டுக் கதிரையில் இருந்து எழுந்தார். குடையைக் கையில் எடுத்தார். ஆனால் அவர் சொன்னது இதுதான்: "சந்தை மதிலுக்கு வெளியிலை எனக்கு அதிகாரம் இல்லை அம்மா. பொலிசுக்குப் போங்கோ, நானும் வாறன்."

வந்தார். பொலிசில் முறைப்பாட்டைக் கேட்ட மனிதர் சாட்சி ஆர் என்றார். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு வீட்டிலும் ஒருவருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. பூமணி அலறியது என் விறாந்தைக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. அந்த வீடுகளுக்குக் கேட்கவில்லை என்பதை நான் நம்பமாட்டேன். பொலிஸ் வாசலில் வைத்து அக்கா சேர்மனிடம் கேட்டார்.

"அப்ப மதிலுக்கு உள்ளையும் வேண்டாம் எண்டு விடுங்கோ நயினார். உள்ளுக்குப் போடு, வெளியிலை கழட்டு எண்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

"இப்ப அந்தச் சட்டத்தைத் திருப்பி எடுத்தால் அவங்கள் வெண்டதாய்ப் போயிடும் அம்மா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எல்லாம் அப்படியே நின்றுபோனது.

சட்டை இல்லாமல் சந்தைக்குள் போக முடியாது. சட்டையோடு ஒழுங்கையால் வர முடியாது. அந்தக் குடியிருப்புப் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குறுக்குக்கட்டோடு வருவார்கள், சட்டை கடகத்துக்குள் இருக்கும். சந்தை மதிலின் மூலையில் நின்று போட்டுக்கொண்டு கேற்றால் உள்ளே போவார்கள். பின்னேரம் அதே மூலையில் கழற்றிக் கடகத்துக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். என்னிடம் வந்து, "கொளுக்கி வேண்டாம் அக்கா, அமத்தினால் பூட்டுற தெறி வைச்சுத் தாங்கோ. கெதியாய்க் கழட்டலாம்," என்றார்கள். எல்லாச் சட்டைக்கும் அப்படியே மாற்றித் தைத்தேன்.

அந்த மூலையில் ஒரு பழைய சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு மறைப்பாக நின்றவர் அக்கா. அவருக்குச் சந்தையில் எந்த வேலையும் இல்லை. காலையில் வந்து நிற்பார். பின்னேரம் மறுபடியும் வந்து நிற்பார். ஒவ்வொரு பெண்ணாக உள்ளே போய் வருவாள். "முடிஞ்சுதோ மோனை? சேலையை எடுக்கட்டோ?" என்று கேட்டுத்தான் கையை இறக்குவார். திறப்புவிழாவுக்கு மந்திரி வந்த அன்றும் அப்படியே நடந்தது. அவர் மேடையில் ஏறி, இந்த ஊர்ப் பெண்களைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது என்று பேசினார். கை தட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் மதில் மூலையில் வரிசை நின்றது.

பூமணி அந்த வரிசையில் நிற்க மறுத்துவிட்டாள். "போட்டால் போட்டபடி வருவன். இல்லாட்டி வரமாட்டன்," என்றாள். வீட்டோடு இருந்துவிட்டாள். பிறகு வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். சொல்லிக்கொண்டு போக என்னிடம் வந்தபோது தாயும் கூட வந்திருந்தார். சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பூமணி, திடீரென்று தாயைக் கேட்டாள்.

"எணை அம்மா, சேர்மன் உன்னட்டை வந்து முதலே கேட்டிருந்தால், நீ என்ன சொல்லியிருப்பாய்?"

அக்கா மதில் மூலையைப் பார்த்தார்.

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். எனக்கும் ஒண்டு போடவேணும் எண்டு எவ்வளவு ஆசை."

பூமணி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அழவில்லை. மகளின் முதுகைத் தடவிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் போனபின் அக்கா வீட்டில் இருந்து பின்னி, மற்றப் பெண்களிடம் கொடுத்து விற்றார். மதில் மூலைக்கு வருவது குறைந்து நின்றுபோனது. அவருக்குப் பதிலாக வேறு ஒருத்தி சேலையைப் பிடித்தாள். சேர்மன் அடுத்த தேர்தலில் தோற்றார். கொஞ்ச நாளில் நோயில் விழுந்து செத்தும் போனார். சட்டம் மட்டும் இருந்தது.

எழுபதுகளில் துணிக்குத் தட்டுப்பாடு வந்தது. வெளிநாட்டுத் துணி கண்ணில் காணவும் கிடைக்காது. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு என்ன வருகிறதோ அதுதான். ஒரு தடவை மண்ணிறத்தில் மஞ்சள் பூப்போட்ட சீத்தைத் துணி மட்டும் வந்தது. ஊர் முழுக்க அதே பூ. பெரிய வீட்டு அம்மாவும் அதிலேதான் சட்டை தைப்பித்தார். தைத்ததை வாங்க வந்தவர், மீன்காரிகளும் அதே பூவில் நிற்பதைப் பார்த்துவிட்டு, "கவுண்மேந்து எல்லாரையும் ஒரு சாதி ஆக்கிப்போட்டுது," என்று புறுபுறுத்துக்கொண்டு போனார்.

அந்தத் துணியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அக்கா வந்தார். தலை நரைத்து, உயரம் குறைந்துபோயிருந்தது. கடகத்தைத் தன் சார்பில் விற்று வந்த பெண் ஊரை விட்டுப் போய்விட்டதாகவும், இனித் தானே உள்ளே இருந்து விற்கவேண்டும் என்றும் சொன்னார்.

"கை நீட்டாய் வைக்கட்டோ, கட்டையாய் வைக்கட்டோ அக்கா?"

"உன்ரை விருப்பம் பிள்ளை."

"கழுத்து?"

"எப்பிடியெண்டாலும் தை."

நாடாவை எடுத்துக்கொண்டு, தொடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கண்ணை மூடியிருந்தார். அளவெடுக்க எனக்குக் கை கூசியது.

சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன முதல் நாள் பின்னேரம், மதில் மூலையில் நிற்காமல் நேராக நடந்தார். "கழட்டேல்லையோ அக்கா?" என்று நான் கூப்பிட்டேன். கேட்காதவர்போலப் போனார். அன்று மெஷினில் இருக்க முடியவில்லை.

அடுத்த நாள் காலையில் வந்து விறாந்தைப் படியில் இருந்தார். ஒரு காயமும் இல்லை. சட்டையும் முழுதாக இருந்தது.

"மதகிலை ஆர் இருந்தவை அக்கா?"

"அவன்தான். பூமணியின்ரை சட்டையைக் கிழிச்சவன். இப்ப கலியாணம் கட்டி, மடியிலை ஒரு பிள்ளையை வைச்சுக்கொண்டு இருந்தான். நான் அவனுக்கு முன்னாலை போய் நிண்டனான் பிள்ளை. வேணுமெண்டுதான் நிண்டனான். சட்டையைப் பாக்கட்டும் எண்டு."

"என்ன செய்தவன்?"

"நிமிந்து பாத்தான். 'என்னணை, வழி தெரியேல்லையோ? ஆரின்ரை வீட்டுக்குப் போகவேணும்?' எண்டு கேட்டான். நல்ல தன்மையாய்த்தான் கேட்டவன். இந்தப் பூச் சட்டையிலை, வழி தெரியாத ஆரோ ஒரு கிழவி எண்டு நினைச்சிட்டான். அவனுக்கு என்னை ஆரெண்டே தெரியேல்லை பிள்ளை."

சந்தைக் கேற்றைத் திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, கடகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து உள்ளே போனார். காவல்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.